நெடுஞ்சாலையில் கேரவன் படுத்துகிறதா? அறிகுறியை வைத்துக் கோளாறைக் கண்டுபிடிக்கும் வழிமுறை

காருக்குப் பின்னால் கொக்கியில் மாட்டி இழுக்கும், தங்குவதற்கான வண்டியான கேரவனை இழுத்துக்கொண்டு போகும்போது கோளாறு எதையும் நேரில் பார்க்க முடியாது. எல்லாம் நம் முதுகுக்குப் பின்னால் நடக்கிறது. ஸ்டியரிங்கில் லேசான ஓர் இழுப்பு, இருக்கையில் ஒரு தட்டு, பக்கக் கண்ணாடியில் கொஞ்சம் புகை. நமக்குக் கிடைக்கும் தகவல் அவ்வளவுதான். இருபுறமும் லாரிகள் ஓடும் சாலையில் அந்தச் சின்னத் தகவலை வைத்துக்கொண்டுதான் முடிவெடுக்க வேண்டும். அதனால், ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்திருப்பவருக்கு என்ன தெரியுமோ அதிலிருந்தே ஒவ்வொன்றையும் தொடங்கியிருக்கிறேன்.

எந்த அறிகுறியாக இருந்தாலும் முதல் வேலை ஒன்றுதான்: ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுங்கள். 100 கி.மீ. வேகத்தில் வண்டியில் இருக்கும் ஆற்றல், 80-ல் இருப்பதைப் போல ஒன்றரை மடங்குக்கும் மேல். காரணம் என்னவென்று யோசிப்பதற்கு முன்பே ஆபத்தைக் குறைக்க நம் காலால் முடியும்.

கேரவன் வாலாட்டுகிறது

இருப்பதிலேயே ஆபத்தான அறிகுறி இது. கேரவனின் பின்பக்கம் இடமும் வலமுமாக வீசுகிறது, ஒவ்வொரு வீச்சும் முந்தையதைவிடப் பெரிதாகிறது.

ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போது காலை எடுத்துவிட்டு ஸ்டியரிங்கை நேராக, உறுதியாகப் பிடித்திருங்கள். கேரவன் இடப்பக்கம் போனால் எதிர்ப்பக்கம் திருப்பிச் சமாளிக்கலாம் என்று கை பரபரக்கும். திருப்பாதீர்கள். நாம் திருப்பி முடிப்பதற்குள் கேரவன் மறுபக்கம் வந்திருக்கும். நம் திருப்பலும் ஆட்டத்தோடு சேர்ந்துகொள்ளும். கார் பிரேக்கை ஓங்கி மிதிக்கவும் கூடாது. கார் சட்டென்று வேகம் குறைந்தால், கோணலாக நிற்கும் கேரவன் பின்னாலிருந்து தள்ளி, காரைக் குறுக்கே மடக்கிவிடும். எலக்ட்ரிக் பிரேக் உள்ள கேரவன் என்றால், காருக்குள் இருக்கும் பிரேக் கன்ட்ரோலரின் கைவிசையை மட்டும் மெல்ல இயக்குங்கள். கேரவன் மட்டும் பிரேக் பிடிக்கும்போது கொக்கி இழுபட்டு, இரண்டும் ஒரே கோட்டுக்கு வரும்.

"கொஞ்சம் வேகமாக இழுத்தால் நேராகிவிடும்" என்று யாராவது சொன்னால் தயவுசெய்து கேட்காதீர்கள். ஒவ்வொரு கார்-கேரவன் ஜோடிக்கும் ஒரு வேக எல்லை உண்டு. அதற்குக் கீழே ஆட்டம் தானாக அடங்கும், மேலே தானாக வளரும். ஆட்டம் வளர்கிறது என்றாலே அந்த எல்லையைத் தாண்டிவிட்டீர்கள் என்று பொருள். இன்னும் வேகம் கூட்டினால் மீள்வதற்கு வழியே இருக்காது. இறக்கத்தில் இது வந்தால் காலை எடுத்தாலும் வேகம் குறையாது, அதனால் கியரை ஒரு படி இறக்குங்கள்.

சரி, ஆட்டம் அடங்கியது. அப்படியே தொடர்ந்து போகலாமா? கூடாது. குறைந்த வேகத்தில் அடுத்த நிறுத்துமிடம் வரை போய்க் காரணத்தைத் தேடுங்கள். பெரும்பாலும் அது பாரம் ஏற்றிய விதத்தில் இருக்கும்.

வண்டிக்காரர்கள் முன்பாரம், பின்பாரம் என்பார்கள். கேரவனுக்கும் அதே கணக்குதான். கொக்கிக் குமிழ் மேல் எவ்வளவு எடை இறங்குகிறது என்பதுதான் முன்பாரம். ஐரோப்பாவில் கேரவனின் மொத்த எடையில் 5 முதல் 7 சதவீதம் வைக்கச் சொல்வார்கள். வட அமெரிக்காவில் 10 முதல் 15 சதவீதம். இரண்டு இடத்திலும் வண்டிகளின் அமைப்பும் ஓட்டும் வேகமும் வேறு, அதனால் அளவும் வேறு. ஒன்றின் கணக்கை இன்னொன்றுக்குப் போட்டுக் குழம்ப வேண்டாம். எங்கே ஓட்டினாலும் உங்கள் காரின் கொக்கியிலும், குமிழைக் கவ்விப் பிடிக்கும் கேரவனின் கப்ளரிலும் எழுதியிருக்கும் உச்ச அளவுகளில் குறைந்தது எதுவோ அதைத் தாண்டக் கூடாது.

அளப்பது எளிது. சமதளத்தில் கேரவன் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். குளியலறை எடைக் கருவி ஒன்றைக் கப்ளருக்கு நேர் கீழே வைத்து, அதன் மேல் ஒரு மரத்துண்டை நிறுத்துங்கள். துண்டின் உயரம், கொக்கியில் மாட்டியபோது கப்ளர் இருக்கும் அதே உயரத்தில் கேரவன் நிற்கும்படி இருக்க வேண்டும். கேரவனின் முன்முனையைத் தாங்கும் சிறிய முன் சக்கரத்தை மெல்லச் சுற்றித் தூக்கினால் எடை முழுவதும் துண்டில் இறங்கும். கருவியின் உச்ச அளவு எவ்வளவு என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

இதை ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், எனக்கு ஒருமுறை ஆடியது. ஏறக்குறைய 1,400 கிலோ கேரவன். காலையில் அளந்தபோது முன்பாரம் 90 கிலோ, நல்ல அளவு. இரண்டாம் நாள் காருக்குள் இருந்த இரண்டு சைக்கிள்களையும் இடம் போதவில்லை என்று கேரவனின் பின்பக்கத் தாங்கியில் மாட்டினேன். தாங்கியும் சேர்த்து 35 கிலோ. அது அச்சுக்கு 3 மீட்டர் பின்னால். கொக்கி அச்சுக்கு 4 மீட்டர் முன்னால். முப்பத்தைந்தை மூன்றால் பெருக்கி நான்கால் வகுத்தால் 26 கிலோ. அவ்வளவு முன்பாரம் போய்விட்டது. அச்சுக்கு ஒரு மீட்டர் முன்னால் இருந்த 60 லிட்டர் தண்ணீர்த் தொட்டி முந்தைய இரவோடு காலியாகியிருந்தது. அதில் இன்னொரு 15 கிலோ போயிற்று. மிஞ்சியது 49 கிலோ, அதாவது வெறும் மூன்றரை சதவீதம். முந்தைய நாள் அதே சாலையில், அதே வேகத்தில் கல் மாதிரி வந்த வண்டி, மறுநாள் ஒரு பேருந்து கடந்ததும் ஆடத் தொடங்கியது. ஒரு பொருளும் புதிதாக வாங்கவில்லை, இடம் மட்டும்தான் மாறியது. அன்றிலிருந்து சாமானை இடம் மாற்றினாலும் தொட்டி காலியானாலும் மறுபடி அளந்துவிட்டுத்தான் கிளம்புகிறேன்.

முன்பாரம் சரியாக இருந்தும் ஆடலாம். கனமான பொருள்கள் கேரவனின் இரண்டு கோடியிலும் இருந்தால் அளவுக் கருவி நல்ல எண்ணைத்தான் காட்டும், ஆனாலும் ஒருமுறை வீச ஆரம்பித்தால் நிறுத்துவது கடினம். அச்சிலிருந்து தூரம் இரட்டிப்பானால் அந்த எடை வீச்சுக்குக் கொடுக்கும் பலம் நான்கு மடங்காகும். ஆகவே கனமானவை எல்லாம் தரையில், அச்சுக்கு மேலேயோ சற்று முன்னாலேயோ இருக்கட்டும். துணிமணி, படுக்கை விரிப்பு போன்றவற்றை மேல் அலமாரிகளில் வைக்கலாம். தண்ணீர்த் தொட்டியை முழுக்க நிரப்புங்கள், இல்லாவிட்டால் முழுக்கக் காலி செய்யுங்கள். பாதித் தொட்டி அலைமோதும்.

அடுத்து டயர். காரின் பின் டயர்களில் காற்று குறைந்திருந்தால் அதன் பக்கச்சுவர் வளைந்து, கேரவனுக்குக் காரையே ஆட்ட இடம் கொடுக்கும். முழுப் பாரத்துக்குச் சொல்லப்பட்ட அழுத்தத்தை, டயர் சூடாவதற்கு முன் நிரப்புங்கள். கேரவன் தரைக்கு இணையாக நிற்கிறதா, மூக்கு மேலே தூக்கியிருக்கிறதா என்றும் பத்தடி தள்ளி நின்று பாருங்கள். மூக்கு தூக்கியிருந்தால் கொக்கியின் உயரத்தை மாற்ற வேண்டும். ஆட்டத்தைத் தடுக்கும் ஸ்டெபிலைசர், காரின் மின்னணுக் கட்டுப்பாடு இரண்டும் நல்லவைதான், இருக்கட்டும். ஆனால் தவறாக ஏற்றிய பாரத்தை அவை சரிசெய்யாது. எல்லை வேகத்தைக் கொஞ்சம் தள்ளிப்போடும், அவ்வளவே.

கார் சின்னது, கேரவன் பெரியது என்றால் மேலே சொன்ன எதுவும் முழுத் தீர்வாகாது. புதிதாக இழுக்கத் தொடங்குபவருக்குக் கேரவன் எடை, காரின் சொந்த எடையில் 85 சதவீதத்துக்குள் இருக்கட்டும் என்று பிரிட்டனில் ஒரு வழிகாட்டல் உண்டு. சட்டமில்லை, ஆனால் நல்ல அளவுகோல். இரண்டையும் எடைமேடையில் ஏற்றிப் பாருங்கள். விற்பனைச் சீட்டில் இருக்கும் எடைக்கும் சாமான் ஏற்றிய எடைக்கும் பெரிய இடைவெளி இருக்கும்.

லாரி கடக்கும்போது மட்டும் தள்ளுகிறது

ஒரு லாரி உங்களைக் கடக்கும்போது, அதன் முன்னால் குவிந்து வரும் காற்று முதலில் கேரவனை லாரிக்கு எதிர்ப்பக்கமாகத் தள்ளும். லாரியின் உடல் நகர்ந்து போகையில் கேரவன் அதை நோக்கி இழுபடும். ஒரு தள்ளு, ஓர் இழு. அதோடு முடிந்தால் அது கோளாறு ஆகாது. முடியாமல் மூன்றாவது, நான்காவது வீச்சு வந்தால் மேலே சொன்ன வாலாட்டத்துக்குத் திரும்புங்கள். முன்பாரத்தில் ஏதோ குறை இருக்கிறது.

கண்ணாடியில் லாரி பெரிதாகும்போதே தயாராகிவிடுங்கள். உங்கள் தடத்துக்குள்ளேயே லாரிக்கு எதிர் ஓரமாக அரை அடி ஒதுங்குங்கள். ஸ்டியரிங்கை உறுதியாக, நேராக வைத்திருங்கள். லாரியின் முகப்பு உங்கள் பின்பக்கத்தை எட்டும் நேரத்தில் காலைக் கொஞ்சம் தளர்த்துங்கள். தள்ளும்போது எதிர்ப்பக்கம் திருப்பினால், அடுத்து வரும் இழுப்பு அதே திசையில் வந்து இரட்டிப்பாகிவிடும்.

பக்கவாட்டுக் காற்றும் இப்படித்தான். மலையை வெட்டிப் போட்ட சாலை முடியும் இடம், பாலம் தொடங்கும் இடம், மரவரிசை அறுபடும் இடம், இவற்றுக்கு முன்பே வேகத்தைக் குறையுங்கள். பலத்த காற்று எச்சரிக்கை இருக்கும் நாளில் பயணத்தை ஒத்திவைப்பதுதான் சரி. கேரவனின் பக்கச்சுவர் ஒரு பாய்மரம் போல.

காரின் முன்பக்கம் லேசாகிவிட்டது, ஸ்டியரிங் பிடியில்லாமல் இருக்கிறது

இது எதிர்க் கோளாறு: முன்பாரம் அதிகம். காரின் பின்பக்கம் அமுங்கி, முன் சக்கரங்களின் எடை குறைந்துவிட்டது. இரவில் எதிரே வருபவர்கள் விளக்கை அணைத்து அணைத்துக் காட்டினால் உங்கள் ஹெட்லைட் மேலே பார்க்கிறது என்று அர்த்தம். காரின் பின்னறையில் இருக்கும் கனத்தைக் கேரவனின் அச்சுக்கு மேல் மாற்றிப் பாருங்கள். கனமான கேரவன்களுக்கு எடையைக் காரின் முன் அச்சுக்கும் பகிர்ந்து தரும் கம்பி வைத்த கொக்கி அமைப்பு உண்டு. கார் தயாரிப்பாளர் அதை அனுமதிக்கிறாரா என்று கையேட்டில் பார்த்துவிட்டு வாங்குங்கள். சில கார்களுக்கு அது கூடாது.

பிரேக் போட்டால் பின்னாலிருந்து இடிக்கிறது

உங்கள் கேரவனில் எந்த வகை பிரேக் என்பதைப் பொறுத்தது இது.

கேரவன் காரைத் தள்ளும் விசையாலேயே இயங்கும் பிரேக் என்றால், கப்ளருக்குப் பின்னால் ஒரு தண்டும் அதற்குள் இடியைத் தணிக்கும் டாம்பர் ஒன்றும் இருக்கும். பிரேக் போடும்போதும் கிளம்பும்போதும் 'டங்' என்று இடித்தால் டாம்பர் செத்துவிட்டது. கழற்றி நிறுத்தி, கைபிரேக் போட்ட நிலையில் கப்ளர் தலையைப் பின்னோக்கி அழுத்திப் பாருங்கள். நல்ல டாம்பர் கனமாக எதிர்க்கும், விட்டதும் மெதுவாக வெளியே வரும். எதிர்ப்பே இல்லாமல் உள்ளே போய் வந்தால் மாற்ற வேண்டும். டாம்பர் நன்றாக இருந்தும் இடித்தால், பிரேக் லைனிங் தேய்ந்து இடைவெளி கூடியிருக்கலாம். அதைச் சரிப்படுத்துவது சக்கரத்தில்தான் தொடங்க வேண்டும். பிரேக்கை இழுக்கும் கம்பியை மட்டும் இறுக்கிச் சமாளித்தால் பிரேக் உரசிக்கொண்டே ஓடும்.

எலக்ட்ரிக் பிரேக் என்றால் கன்ட்ரோலரின் அளவு குறைவாக இருக்கிறது. காலியான, காய்ந்த, சமமான சாலையில் 40 கி.மீ. வேகத்தில் போய்க் கைவிசையை முழுதாக இயக்குங்கள். கேரவன் சக்கரம் பூட்டிக்கொண்டால் அளவைக் குறையுங்கள், இழுப்பே தெரியாவிட்டால் கூட்டுங்கள். பூட்டுவதற்குச் சற்று முன்னால் வரும் புள்ளிதான் சரியான அளவு. சாமான் கூடினாலோ குறைந்தாலோ, மழை பெய்தாலோ மறுபடி பார்க்க வேண்டும். கன்ட்ரோலர் கேரவனையே காணவில்லை என்று காட்டினால் முதலில் காரையும் கேரவனையும் இணைக்கும் மின் பிளக்கைத் திறந்து பின்களைப் பாருங்கள்.

இறக்கத்தில் பிரேக் மிதி அமுங்கிப் போகிறது, கருகும் வாசனை

பிரேக் எரிகிறது. மிதி மெத்தென்று இருந்தால் பிரேக் ஆயிலே கொதித்து ஆவிக்குமிழ் வந்திருக்கிறது. இந்த ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும் குணமுடையது. புதிய டாட் 4 ஆயிலின் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி செல்சியஸ். ஈரம் ஏறியதும் அதற்கு விதித்திருக்கும் குறைந்தபட்சம் 155 தான். பழைய ஆயிலோடு கேரவனை இழுத்துக்கொண்டு நீண்ட இறக்கத்தில் இறங்குவது உயிரோடு விளையாடுவது.

அந்த நிமிடத்தில் கியரை ஒவ்வொரு படியாக இறக்குங்கள், மிதியை வேகமாகப் பல முறை அழுத்தி அழுத்தி விடுங்கள், அபாய விளக்கைப் போடுங்கள். பிரேக் போன வண்டிகளுக்காகச் சரளைக்கல் கொட்டிய தப்பிக்கும் பாதை தென்பட்டால் தயங்காமல் அதில் ஏறிவிடுங்கள். வண்டி கீறும், மாட்டிக்கொள்ளும், எல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். நின்றதும் சக்கரத்தில் தண்ணீர் ஊற்றாதீர்கள், சூடான இரும்பு விரிசல் விடும். கட்டை வைத்துவிட்டு ஆறவிடுங்கள்.

அடுத்த முறை வராமலிருக்க, இறக்கம் தொடங்கும் முன்பே, உச்சியிலேயே கியரைக் குறைத்துவிடுங்கள். எந்த கியரில் ஏறினோமோ அதிலோ அதற்கும் ஒரு படி கீழோ இறங்குவது நல்ல கணக்கு. பிரேக்கை லேசாக மிதித்தபடியே இறங்குவதுதான் சூட்டுக்குக் காரணம். உறுதியாக ஒருமுறை மிதித்து வேகத்தைக் குறைத்து, முழுக்க விட்டு, ஆறவிட்டு மறுபடி மிதியுங்கள். க்ரூஸ் கன்ட்ரோலை அணைத்துவிடுங்கள்.

ஒரு சக்கரம் மட்டும் சுடுகிறது

இதைக் கண்டுபிடிக்க நீங்கள் ஒரு பழக்கம் வைத்துக்கொள்ள வேண்டும். நிறுத்தும் ஒவ்வொரு இடத்திலும் கேரவனைச் சுற்றி ஒரு நடை. ஒவ்வொரு சக்கரத்தின் நடுப்பகுதிக்கு அருகிலும் புறங்கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். தொட வேண்டாம், அனல் தெரிந்தால் போதும். முகத்தில் அடிக்கும் தணல் மாதிரி ஒன்று மட்டும் தனியாக அனல் விட்டால் அதுதான் குற்றவாளி. தூரத்திலிருந்து வெப்பம் காட்டும் கருவி இருந்தால் இன்னும் நல்லது. எண் முக்கியமில்லை, மற்ற சக்கரங்களோடு இருக்கும் வித்தியாசத்தைத்தான் பார்க்க வேண்டும்.

எல்லாச் சக்கரமும் ஒரே மாதிரி மிகவும் சுட்டால், கைபிரேக் பாதி இழுத்தபடி இருக்கிறதா என்று பாருங்கள். அடிக்கடி நடப்பது இது. ஒன்று மட்டும் சுட்டால் அந்தச் சக்கரத்தின் பிரேக் ஒட்டியிருக்கலாம், அல்லது பேரிங் போய்க்கொண்டிருக்கலாம். ஆறிய பிறகு ஜாக்கி போட்டுத் தூக்கிச் சக்கரத்தைச் சுற்றுங்கள். சுற்ற மறுத்தால் பிரேக். சுற்றுகிறது, ஆனால் மணல் அரைப்பது போல் கரகரவென்று கேட்கிறது என்றால் பேரிங். மேலும் கீழும் பிடித்து அசைத்தால் ஆடுகிறதா என்றும் பாருங்கள். பேரிங் போன சக்கரத்தோடு 'அடுத்த ஊர் வரை' என்று ஓட்டாதீர்கள். பேரிங் இறுகிவிட்டால் சக்கரமே கழன்று, பக்கத்துத் தடத்தில் வருகிறவர் மேல் போய் விழும். ஒரு சக்கரம் மட்டும் மற்றவற்றைவிடக் குளிர்ந்திருந்தால் அதையும் கவனியுங்கள். அதன் பிரேக் வேலையே செய்யவில்லை; எலக்ட்ரிக் வகையென்றால் ஒயர் அறுந்திருக்கலாம்.

கேரவன் ஒரு பக்கம் சரிந்து இழுக்கிறது, 'தடதட' என்று அதிர்கிறது

டயர் போய்க்கொண்டிருக்கிறது, அல்லது போய்விட்டது. காலை எடுத்து, ஸ்டியரிங்கை நேராக வைத்து, பிரேக்கை மிக மெல்லத் தொட்டு ஓரம் வாருங்கள்.

கேரவன் டயர் தேய்ந்து சாவது அரிது, வயதாகித்தான் சாகும். மேல்பட்டையின் வரிப்பள்ளமெல்லாம் புதிது போல இருக்கும், உள்ளே ரப்பர் இற்றுப்போயிருக்கும். பக்கச்சுவரில் நான்கு இலக்கம் ஒன்று இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-வது வாரத்தில் செய்தது. ஐந்து வயதானதும் மாற்றத் திட்டமிடுங்கள், ஏழைத் தாண்டவே வேண்டாம். ஸ்டெப்னிக்கும் இதே விதி. அதோடு டயரின் வேக வரம்பையும் பாருங்கள். வட அமெரிக்காவில் முன்பு விற்ற டிரெய்லர் டயர்களில் பல, மணிக்கு 65 மைல், அதாவது ஏறத்தாழ 105 கி.மீ. வேகத்துக்கு மட்டுமே செய்தவை. குறைந்த காற்றோடு ஓடும் டயர் உள்ளுக்குள் வளைந்து வளைந்து சூடேறி வெடிக்கும். டயர் அழுத்தம் காட்டும் சென்சார் ஒரு ஜோடி கேரவனுக்கு மாட்டினால், வெடிப்பதற்கு முன்பே காருக்குள் மணியடிக்கும். கேரவனுக்கென்று ஒரே ஒரு கருவி வாங்கலாம் என்றால் நான் இதைத்தான் சொல்வேன்.

ஏற்றத்தில் வெப்பமுள் ஏறுகிறது

கியரைக் குறைத்து, வேகத்தையும் குறையுங்கள். ஏசியை அணைத்து, ஹீட்டரை முழுதாகத் திறந்துவிடுங்கள்; உட்கார முடியாத சூடாக இருக்கும், ஆனால் எஞ்சின் வெப்பத்தில் ஒரு பங்கு அந்த வழியாக வெளியேறும். முள் இறங்காவிட்டால் ஓரம் கட்டி, சில நிமிடம் எஞ்சினை ஓடவிட்டே நிறுத்துங்கள். சிவப்பைத் தொட்டாலோ நீராவி வந்தாலோ உடனே அணைக்க வேண்டும். ரேடியேட்டர் மூடியைச் சூட்டோடு திறக்காதீர்கள். ஆட்டோமேட்டிக் கியர் என்றால், இழுவைக்கான நிலை இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் கியர் மேலும் கீழும் தாவிக்கொண்டே கியர் ஆயிலைச் சூடாக்கும்.

விளக்குகள் மங்குகின்றன, இண்டிகேட்டர் வேகமாகத் துடிக்கிறது

இண்டிகேட்டர் போட்டதும் பின்விளக்குகளும் அதோடு சேர்ந்து மினுங்கினால் எர்த் இணைப்பில்தான் குறை, பல்பை மாற்றிப் பயனில்லை. பிளக்கைத் திறந்து வெள்ளை ஒயரைப் பாருங்கள். பரவலாகப் பயன்படும் பிளக் வகைகளில் அதுதான் எர்த். பச்சை படிந்திருந்தால் சுரண்டிச் சுத்தம் செய்து இறுக்குங்கள். வேகமாகத் துடித்தால் ஒரு பல்பு போயிருக்கிறது. கேரவனில் எல்.ஈ.டி. விளக்கு இருந்தால், அது இழுக்கும் மின்சாரம் குறைவு என்பதால் கார் அதைப் 'பல்பு இல்லை' என்று எடுத்துக்கொண்டிருக்கலாம். கேபிள் தரையில் உரசாமலும், முழுத் திருப்பத்தில் இழுபடாமலும் இருக்க வேண்டும்.

கொக்கியில் கிறீச், அல்லது லொடலொட

கிறீச்சென்றால் முதலில் உங்கள் கப்ளர் எந்த வகை என்று பாருங்கள். சாதாரணக் கப்ளருக்குக் குமிழில் கிரீஸ் வேண்டும். உராய்வால் ஆட்டத்தைத் தடுக்கும் ஸ்டெபிலைசர் கப்ளருக்குக் கிரீஸ் ஆகவே ஆகாது. குமிழ் எண்ணெய்ப் பசையின்றிக் காய்ந்திருக்க வேண்டும். புதுக் குமிழின் பெயிண்டைக்கூட உப்புத்தாள் போட்டுத் தேய்த்து எடுத்துவிட வேண்டும். அதில் கிரீஸ் தடவிவிட்டால் சத்தம் நிற்கும், தடுப்பும் நின்றுவிடும்.

லொடலொட என்றால் நின்று பார்த்தே ஆக வேண்டும். 50 மி.மீ. குமிழ் தேய்ந்து 49-க்கு வந்தால் அதன் காலம் முடிந்தது. 2 அங்குலக் குமிழ் 50.8 மி.மீ.; இரண்டும் கண்ணுக்கு ஒன்றுபோலவே தெரியும், அதனால் எண்ணைப் படித்துப் பொருத்துங்கள். மாட்டியபின் முன் சக்கரத்தைக் கீழே சுற்றிப் பாருங்கள். சரியாகக் கவ்வியிருந்தால் காரின் பின்பக்கமும் சேர்ந்து எழும். கப்ளர் மட்டும் தனியாக எழுந்தால் மாட்டவே இல்லை. கேரவன் காரிலிருந்து கழன்றுவிட்டால் அதன் பிரேக்கைப் பிடிக்க வைக்கும் கேபிளைக் குமிழின் மேல் சும்மா வளைத்துப் போடாமல், காரோடு பொருத்திய வளையத்தில் மாட்டுங்கள். பாதுகாப்புச் சங்கிலிகளைக் கப்ளருக்குக் கீழே குறுக்காகப் போட்டால், கொக்கி விட்டாலும் முன்கம்பு தரையில் குத்தாமல் அவற்றின் மேல் தங்கும்.

நெரிசலில் தடம் மாற முடியவில்லை, பின்னால் யாரென்று தெரியவில்லை

காரின் சொந்தக் கண்ணாடியில் கேரவனின் சுவர்தான் தெரிகிறது என்றால் நீட்டிப்புக் கண்ணாடிகளை மாட்டாமல் கிளம்பியிருக்கிறீர்கள். கேரவனின் பின்மூலையும் அதன் பக்கத்துத் தடமும் இருபுறமும் தெரிய வேண்டும்.

முன்வண்டிக்கும் உங்களுக்கும் 5 விநாடி இடைவெளி விடுங்கள். 80 கி.மீ. வேகத்தில் ஒரு விநாடிக்கு 22 மீட்டர் போகிறோம், ஆக 110 மீட்டர். அந்த இடைவெளியில் யாராவது புகுந்துகொண்டே இருப்பார்கள். ஒவ்வொரு முறையும் காலைத் தளர்த்தி மறுபடி இடைவெளியை உண்டாக்குங்கள். கோபப்பட்டு நெருங்காதீர்கள், அந்த இடத்தைத்தான் நீங்கள் நிற்பதற்காக வைத்திருக்கிறீர்கள். தடம் மாற இண்டிகேட்டரை முன்கூட்டியே போட்டு, நீளமான இடைவெளி வரும் வரை காத்திருங்கள். ஒரு வண்டியைத் தாண்டியபின், அது உங்கள் கேரவனின் பின்மூலையைவிட நன்றாகப் பின்தங்கியதைக் கண்ணாடியில் பார்த்துவிட்டே திரும்ப வாருங்கள். வெளியேறும் பாதை தவறிவிட்டால் விட்டுவிடுங்கள். அடுத்ததில் இறங்கிச் சுற்றி வந்தால் போதும்.

சாலையோரம் நிற்க வேண்டியதாகிவிட்டது

முடிந்தவரை நீளமான, நேரான, தரை கெட்டியான இடமாகப் பார்த்து நில்லுங்கள். அபாய விளக்கைப் போடுங்கள். எல்லாரும் போக்குவரத்து இல்லாத பக்கக் கதவு வழியாக இறங்கி, தடுப்புக் கம்பிக்கு அப்பால், வண்டியிலிருந்து தள்ளி நிற்கட்டும். கேரவனுக்குள் யாரையும் உட்கார வைக்காதீர்கள். சக்கரம் போக்குவரத்துப் பக்கம் இருந்தால் நீங்களே மாற்ற முயலாதீர்கள். உதவி வண்டியைக் கூப்பிடுங்கள், எத்தனை மணி நேரம் ஆனாலும் சரி.

பாதுகாப்பான பக்கம்தான் என்றால், கேரவனைக் காரிலிருந்து கழற்றாமலே மாற்றுங்கள். காரின் கைபிரேக், கேரவனின் கைபிரேக் இரண்டும் போட்டிருக்க வேண்டும். எதிர்ப்பக்கச் சக்கரத்துக்குக் கட்டை. நட்டுகளைச் சக்கரம் தரையில் இருக்கும்போதே கால் சுற்றுத் தளர்த்திவிட்டு, அப்புறம் தூக்குங்கள். ஜாக்கியைத் தயாரிப்பாளர் காட்டிய இடத்தில் மட்டும் வையுங்கள். மூலைகளில் இருக்கும் தாங்கு கால்களால் கேரவனைத் தூக்கக் கூடாது. அவை ஆடாமல் நிறுத்துவதற்கு மட்டுமே. புதுச் சக்கரம் மாட்டியதும் நட்டுகளை எதிரெதிராக மாற்றி மாற்றி இறுக்கி, கையேட்டில் சொன்ன அளவுக்கு, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ஸ்பேனரால் முடியுங்கள். 50 கி.மீ. போனதும் நிறுத்தி, அதே நட்டுகளை மறுபடி ஒருமுறை அதே அளவுக்கு இறுக்கிப் பாருங்கள். ஒன்றிரண்டு கொஞ்சம் சுற்றும்.